கட்டண உயர்வும் ஏழைப் பிரயாணியும்

பிரயாணக் கட்டணம் உயரப்போகிறது என்ற செய்தி வந்ததும் ஜனங்கள் இரண்டு விதமாக நடந்துகொள்வதை உலகமெங்கும் காண்கிறோம். ஒரு சாரார் கூட்டம் கூடிக் கண்டிக்கின்றனர். மற்றொரு சாரார் ஓசைப்படாமல் டிக்கெட் விற்கும் ஜன்னலுக்குச் சென்று, பழைய விலையில் எத்தனை டிக்கெட் கிடைக்குமோ அத்தனையையும் வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொள்கின்றனர். கண்டனக் கூட்டங்களைப் பற்றிப் பத்திரிகைகள் பத்தி பத்தியாக எழுதுகின்றன. ஜன்னலண்டை நிற்கும் வரிசையைப் பற்றி எழுதுவார் அதிகமில்லை. ஆயினும், பிரயாணக் கட்டணத்தில் நியாயம் எங்கே தவறுகிறது என்பதைத் தெளிவாகக் காட்டுவது அந்த வரிசைதான் என்பது நமது அபிப்பிராயம். அதில் நிற்பவர் யார், நிற்க முடியாதவர் யார் என்பதைச் சற்று ஆராய்வோம்.

மும்பையில் கண்டது

2014-ஆம் வருஷம் ஜூன் மாதம் 20-ஆம் தேதி, மத்திய சர்க்கார் ரயில் பிரயாணக் கட்டணத்தை 14.2 சதவிகிதம் உயர்த்துவதாக அறிவித்தார்கள். புதிய மந்திரி சபை பதவியேற்று ஒரு மாதங்கூட நிறைவேறவில்லை. உயர்வு 25-ஆம் தேதி முதல் அமலுக்கு வருமென்று சொல்லப்பட்டது. நெடுந்தூரப் பிரயாணிக்கு இது நூற்றுக்குப் பதினான்கு உயர்வுதான். ஆனால் புறநகர் வண்டிகளில் தினந்தோறும் வேலைக்குச் சென்று திரும்புவோருக்கு நேரவிருந்த கஷ்டம் அதனினும் பெரிது. அதுவரை இரண்டாம் வகுப்பு மாதச் சீஸன் டிக்கெட்டின் விலை, ஏறக்குறைய 15 ஒற்றைப் பிரயாணங்களின் கட்டணமாகக் கணக்கிடப்பட்டு வந்தது. அதை 30 பிரயாணங்களின் கட்டணமாக மாற்றுவதென்று தீர்மானித்தார்கள். அதாவது, விலை ஒரே எட்டில் இரண்டு மடங்காகும், அதன்மேல் 14.2 சதவிகிதமும் சேரும்.

நாளொன்றுக்கு 70 லட்சம் பிரயாணங்களுக்கு மேல் நிகழும் மும்பைப் புறநகர் ரயிலில் இந்தச் செய்தி உண்டாக்கிய கலக்கத்தைச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்டேஷன்தோறும் டிக்கெட் ஜன்னல்களுக்கு முன்னே வரிசைகள் நீண்டன. நமது ரயில்வேயில் சீஸன் டிக்கெட் மாதத்திற்கு மட்டுமன்றி, மூன்று மாதம், ஆறு மாதம், ஒரு வருஷம் என்ற தவணைகளுக்கும் கிடைக்கிறது. மூன்று மாத டிக்கெட்டின் விலை மாத டிக்கெட்டைப்போல் 2.7 மடங்கு; ஆறு மாதத்திற்கு 5.4 மடங்கு, வருஷத்திற்கு 10.8 மடங்கு. எனவே பழைய விலையில் வருஷ டிக்கெட்டை வாங்கிக்கொண்டவர், கட்டண உயர்விலிருந்து ஒரு வருஷ காலம் தப்பித்துக்கொள்வதுடன், ஒரு மாதத்திற்கு மேற்பட்ட கட்டணத்தைத் தள்ளுபடியாகவும் பெறுகிறார். இதை அறிந்தவர்கள் முண்டியடித்துக்கொண்டு வாங்கினார்கள்.

நாலே தினங்களில் சர்க்கார் பின்வாங்க நேர்ந்தது. அவ்வருஷமே சட்டசபைத் தேர்தலை எதிர்நோக்கியிருந்த மஹாராஷ்டிரத்தின் பார்லிமெண்டு அங்கத்தினர்கள் ரயில்வே மந்திரியைச் சந்தித்து முறையிட்டனர். 24-ஆம் தேதி, சீஸன் டிக்கெட்டைப் பழையபடி 15 பிரயாணக் கணக்கிலேயே வைத்துக்கொள்வதென்றும், புறநகர் வண்டிகளில் 80 கிலோமீட்டர் வரை இரண்டாம் வகுப்புக்கு உயர்வு இல்லையென்றும் அறிவிக்கப்பட்டது. சென்னைக் கடற்கரையிலிருந்து தாம்பரத்திற்கும் அரக்கோணத்திற்கும் செல்லும் நம்மவர்களும் இதனால் தப்பினர். அந்தப் பாடம் ரயில்வே அதிகாரிகளுக்கு நன்றாக மனத்தில் பதிந்துவிட்டதாகவே தோன்றுகிறது. 2025 ஜூலை 1 முதல் ரயில் கட்டணம் உயர்த்தப்பட்டபோதும் புறநகர் வண்டிகளும் சீஸன் டிக்கெட்டுகளும் விலக்கப்பட்டன.

வரிசையில் நில்லாதவர்

கதை இத்துடன் சுபமாக முடிந்தது என்று பலர் கருதலாம். நாம் அவ்விதம் கருதவில்லை. சீஸன் டிக்கெட் வாங்கியவர்களைப் பற்றியே இவ்வளவும் பேசினோம். வாங்க இயலாதவர்களை மறந்துவிட்டோம்.

கணக்கைப் பாருங்கள். மாதத்தில் 25 நாள் வேலைக்குச் சென்று திரும்புகிறவர் 50 முறை பிரயாணம் செய்கிறார். சீஸன் டிக்கெட் உடையவர் அந்த ஐம்பதுக்கும் ஏறக்குறைய 15 பிரயாணங்களின் கட்டணத்தைச் செலுத்துகிறார். அதே வண்டியில், அதே பலகையில், அவருக்கு அருகே உட்கார்ந்து தினம் டிக்கெட் வாங்கிச் செல்பவர் ஐம்பதுக்கும் ஐம்பது கட்டணம் செலுத்துகிறார். அதாவது ஏறக்குறைய மும்மடங்கு. இவர் யார்? மாத சம்பளம் பெறும் குமாஸ்தா அல்லர். நாளைக்கு வேலை உண்டோ இல்லையோ என்று அறியாத சித்தாள். நான்கு வீடுகளில் பாத்திரம் துலக்கும் ஸ்திரீ. கொத்தவால் சாவடியிலும் கோயம்பேட்டிலும் மூட்டை தூக்குபவர். அன்றாடம் கிடைத்த கூலியில் அரிசிக்குப் போக மிஞ்சியதைக் கொண்டு டிக்கெட் வாங்குகிறவரிடம், ஒரு மாதத்துக் கட்டணத்தை முதல் தேதியே கொண்டு வா, மலிவாகத் தருகிறோம் என்று சொல்வதில் என்ன பயன்?

வருஷ டிக்கெட் விஷயம் இன்னும் தெளிவு. மாத டிக்கெட்டின் விலை 200 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பன்னிரண்டு மாதமும் தனித்தனியே வாங்கினால் 2400 ரூபாய். வருஷ டிக்கெட்டோ 2160 ரூபாய். மிச்சம் 240 ரூபாய். ஆனால் அந்த 240 ரூபாயைச் சம்பாதிக்க 2160 ரூபாய் ரொக்கமாகக் கையில் இருக்க வேண்டும். இருப்பவனுக்கு இது வட்டியில்லாத லாபம். இல்லாதவன் கந்து வட்டிக்குக் கடன் வாங்கி டிக்கெட் வாங்கினால், மிச்சமாகும் பணத்திற்கு மேல் வட்டியாகவே கொடுக்க நேரிடும். ஆகவே, மொத்தமாக வாங்குவோருக்குத் தள்ளுபடி என்னும் ஏற்பாடு, ரொக்கம் உள்ளவருக்கு இனாமாகவும் ரொக்கம் இல்லாதவருக்கு அபராதமாகவும் முடிகிறது. கட்டணம் உயரும் சமயத்தில் இந்த வித்தியாசம் பின்னும் பெருகுகிறது. முன்னவர் பழைய விலையில் பதுங்கிக்கொள்கிறார். பின்னவர் உயர்வை அன்றே, அந்த நிமிஷமே, முழுமையாகத் தாங்குகிறார்.

முன்கூட்டி வாங்கி வைப்பவர்களை நாம் குறை கூறவில்லை. மாசி பங்குனியில் புளியும் மிளகாயும் மலிவாயிருக்கும்போது வாங்கிப் பானையில் அடைத்து வைக்கும் இல்லத்தரசியை யார் குறை கூறுவர்? காற்றுள்ளபோதே தூற்றிக்கொள்வது நமது குடும்ப தர்மம். ஆனால், களத்தில் நெல் உடையவனுக்குத்தான் காற்று உதவும். நெல்லே இல்லாதவனுக்குக் காற்று அடித்தால் என்ன, அடிக்காவிட்டால் என்ன?

மூன்றாம் வகுப்பின் குரல்

இந்த விஷயத்தில் நமக்கு மஹாத்மா காந்தியின் ஞாபகம் வருகிறது. தென்னாப்பிரிக்காவிலிருந்து திரும்பியபின் இந்தியாவெங்கும் மூன்றாம் வகுப்பில் பிரயாணம் செய்த காந்தியடிகள், 1917-ஆம் வருஷம் செப்டம்பர் மாதம் பம்பாயிலிருந்து சென்னைக்கு மெயில் வண்டியில் வந்த அனுபவத்தைப் பத்திரிகைகளுக்கு எழுதினார். அவர் கொடுத்த கட்டணம் 13 ரூபாய் 9 அணா. முதல் வகுப்புக் கட்டணம் மூன்றாம் வகுப்பைப்போல் ஐந்து மடங்குக்கு மேல். ஆனால் மூன்றாம் வகுப்புப் பிரயாணிக்கு அந்தச் சௌகரியத்தில் ஐந்தில் ஒரு பங்காவது கிடைக்கிறதா என்பது அவர் எழுப்பிய கேள்வி. கொடுத்த பணத்திற்குத் தகுந்த சௌகரியம் ஏழைக்குக் கிடைக்கவில்லை என்பதே அவருடைய வாதத்தின் சாரம்.

நூறு வருஷங்களுக்கு மேலாகிவிட்டது. அன்னிய ஆட்சி போயிற்று. மூன்றாம் வகுப்பு என்ற பெயரும் போயிற்று. ஆனால் அவர் எழுப்பிய கேள்வி போகவில்லை. அன்று ஒரே பணத்திற்கு ஏழைக்குக் குறைந்த சௌகரியம் கிடைத்தது. இன்று ஒரே சௌகரியத்திற்கு ஏழை அதிகப் பணம் கொடுக்கிறான். வகுப்புப் பிரிவு வண்டியின் பெட்டியில் இருந்தது போய், டிக்கெட்டின் தவணையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

பிற தேசங்களில்

இது நமது தேசத்துக்கு மாத்திரம் உரிய குறையன்று. அமெரிக்காவின் நியூயார்க் நகரில் சுரங்க ரயில் 1904-இல் திறக்கப்பட்டபோது கட்டணம் 5 சென்ட். அந்தக் கட்டணம் 44 வருஷ காலம் மாறவில்லை. 1948-இல் 10 சென்ட் ஆயிற்று. 1953-இல் 15 சென்ட் ஆனபோது, அந்தத் தொகைக்குத் தனி நாணயம் இல்லாமையால், பித்தளையில் வில்லைகளை அடித்து விற்றார்கள். வில்லையில் விலை பொறிக்கப்படவில்லை. ஒரு வில்லைக்கு ஒரு பிரயாணம். ஆகவே, கட்டணம் உயரப்போகிறதென்று தெரிந்த போதெல்லாம் நகரவாசிகள் வில்லைகளை வாங்கிக் குவித்தார்கள். அதிகாரிகள் ஒருவருக்கு இத்தனைதான் என்று வரையறுப்பார்கள். சில சமயங்களில் வில்லையின் உருவத்தையே மாற்றிப் பழையதைச் செல்லாததாக்குவார்கள். ஐம்பது வருஷ காலம் நடந்த இந்த விளையாட்டு, 2003-இல் வில்லைகள் அறவே ஒழிக்கப்பட்டதோடு முடிவுற்றது.

பிரெஞ்சு தேசத்தின் தலைநகரான பாரிஸில் 2024-இல் நடந்ததோ வேடிக்கையானது. ஒலிம்பிக் பந்தயங்களை முன்னிட்டு, ஜூலை 20 முதல் செப்டம்பர் 8 வரை மெட்ரோவின் ஒற்றை டிக்கெட்டை 2.15 யூரோவிலிருந்து 4 யூரோவாக உயர்த்தினார்கள். பத்து டிக்கெட் கொண்ட கட்டு 17.35 யூரோவிலிருந்து 32 யூரோ ஆயிற்று. வெளியூர்களிலிருந்து வருவோரிடம் செலவை வசூலிப்பதே நோக்கம். ஆதலால் அந்தப் பிராந்தியத்தின் போக்குவரத்துக்குத் தலைமை வகிக்கும் அம்மையாரே முன்வந்து, உள்ளூர்வாசிகள் உயர்வுக்கு முன்னதாகவே டிக்கெட்டுகளை வாங்கி வைத்துக்கொள்ளுமாறு சொன்னார். மாதச் சீட்டு உடையவர்களுக்கு உயர்வே கிடையாது. விலையை உயர்த்துகிற அதிகாரியே வாங்கிப் பதுக்கும்படி உபதேசிப்பது அபூர்வமே. உள்ளூர்வாசியைக் காக்கவேண்டுமென்ற எண்ணம் நல்லதே. ஆனால் அங்கும், முன்கூட்டி வாங்கப் பணமும் மாதச் சீட்டும் இல்லாத உள்ளூர்க் கூலியாள், உல்லாசப் பிரயாணியோடு சமமாக 4 யூரோ கொடுக்கும்படி விடப்பட்டார் என்பதை மறக்கலாகாது.

தேசிய இயக்கமும் பிரயாணக் கட்டணமும்

பிரயாணக் கட்டணம் சில்லறை விஷயம் என்று நினைப்பவர்கள் நமது சரித்திரத்தைப் பார்க்கவேண்டும். 1906-ஆம் வருஷம் தூத்துக்குடியில் வ. உ. சிதம்பரம் பிள்ளை சுதேசி ஸ்டீம் நாவிகேஷன் கம்பெனியை நிறுவி, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே கப்பல் விட்டபோது, வெள்ளைக்காரக் கம்பெனி கையாண்ட முதல் ஆயுதம் எது? கட்டணத் தள்ளுபடிதான். அவர்கள் கட்டணத்தை ஒரு ரூபாயாகக் குறைத்தார்கள். சுதேசிக் கம்பெனி எட்டணாவாகக் குறைத்தது. பின்னர் வெள்ளையர், கட்டணமே வேண்டாம், கப்பலில் ஏறினால் போதும், குடையும் இனாமாகத் தருகிறோம் என்று ஆசை காட்டியதாகச் சரித்திரம் கூறுகிறது. சுதேசிக் கம்பெனி ஒழிந்துவிட்டால் கட்டணத்தை விரும்பியபடி உயர்த்திக்கொள்ளலாம் என்பதே அந்தத் தாராளத்தின் உட்கருத்து. 1908-இல் பிள்ளையவர்கள் சிறைப்பட்டார். கம்பெனியும் சில வருஷங்களில் கலைக்கப்பட்டது. மலிவு டிக்கெட் எல்லாம் பிரயாணியின் நன்மைக்காகவே என்று நினைத்துவிடக் கூடாது என்பதை நம் முன்னோர் அன்றே கண்டுகொண்டார்கள்.

மற்றொன்றும் சொல்வோம். 1953-ஆம் வருஷம் ஜூலை மாதம், கல்கத்தாவில் டிராம் ஓட்டிவந்த ஆங்கிலக் கம்பெனி இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா உயர்த்திற்று. ஒரு பைசாதானே என்று சர்க்கார் நினைத்தார்கள். ஜனங்கள் அவ்வாறு நினைக்கவில்லை. பிரயாணிகள் வண்டியில் ஏறிப் பழைய கட்டணத்தையே நீட்டினார்கள். அம்மாதம் முழுவதும் ஹர்த்தாலும் தடியடியும் கைதுமாகக் கழிந்தது. கடைசியில் உயர்வை நிறுத்தி வைக்க வேண்டியதாயிற்று. தேசம் சுதந்திரம் பெற்று ஆறு வருஷங்கள் கழித்தும், தம் நகரத்து வண்டியின் கட்டணத்தை அன்னிய நாட்டுப் பங்குதாரர்கள் தீர்மானிப்பதா என்ற கேள்வியே அந்த ஒரு பைசாவுக்கு அத்தனை கனத்தைக் கொடுத்தது.

ஆயினும் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டணம் ஒருபோதும் உயரக்கூடாது என்று நாம் சொல்லவில்லை. 1895-இல் ஓடத் தொடங்கிய நமது சென்னை டிராம் வண்டி, அதே 1953-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம், நஷ்டம் தாங்கமாட்டாமல் நின்றுபோயிற்று. நின்றுபோன வண்டியில் கட்டணம் எவ்வளவு குறைவாயிருந்து என்ன பயன்? எண்ணெய் விலை ஏறுகிறது; உதிரிச் சாமான் விலை ஏறுகிறது; ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் நியாயமான சம்பளமும், ஓய்வு பெற்றபின் வரவேண்டிய தொகையும் கொடுத்தாக வேண்டும். இந்தச் செலவை யாரேனும் ஏற்கத்தான் வேண்டும். பிரயாணி ஏற்பதா, பொது வரிப்பணத்திலிருந்து சர்க்கார் ஏற்பதா, எந்தப் பிரயாணி எவ்வளவு ஏற்பது என்பவையே கேள்விகள்.

நமது மாகாணத்தில்

தமிழ்நாட்டில் 1972 முதல் பஸ் போக்குவரத்தில் பெரும்பகுதி சர்க்கார் கழகங்களின் பொறுப்பாயிற்று. அன்னியக் கம்பெனி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆயினும் 2018 ஜனவரியில் நடந்ததை ஜனங்கள் இன்னும் மறந்திருக்கமாட்டார்கள். அம்மாதம் 4-ஆம் தேதி முதல் 11-ஆம் தேதி வரை சம்பளம் முதலிய கோரிக்கைகளுக்காகப் போக்குவரத்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். அது முடிந்து ஒரு வாரமே ஆன 19-ஆம் தேதி, பஸ் கட்டண உயர்வு அறிவிக்கப்பட்டது. மறுநாள் விடிந்ததும் அமலுக்கு வந்துவிட்டது. சென்னையில் சாதாரண பஸ்ஸின் குறைந்தபட்சக் கட்டணம் 3 ரூபாயிலிருந்து 5 ரூபாய் ஆயிற்று. 2011 நவம்பருக்குப் பின் ஆறு வருஷங்களுக்கு மேல் கட்டணத்தைத் தொடாமல் இருந்துவிட்டு, ஓரிரவில் இவ்வாறு செய்தார்கள். மாணவர்கள் தெருவுக்கு வந்தனர். 29-ஆம் தேதி முதல் 5 ரூபாய் 4 ரூபாயாகக் குறைக்கப்பட்டது.

இதில் கவனிக்கத்தக்கது ஒன்று உண்டு. மும்பைவாசிக்கு நாலைந்து நாள் அவகாசமாவது கிடைத்தது. பழைய விலையில் சீஸன் டிக்கெட் வாங்கிக்கொள்ள வழியும் இருந்தது. நமது டவுன் பஸ் பிரயாணிக்கு அவகாசமும் இல்லை, வழியும் இல்லை. அன்று டிக்கெட்டை நடத்துநரிடம் வண்டியில் ஏறியபின்தான் வாங்கமுடிந்தது. மிஞ்சினால் சென்னையில் விருப்பம்போல் பிரயாணம் செய்ய 1000 ரூபாய் மாதச் சீட்டு உண்டு. 1000 ரூபாயை ஒரே சமயத்தில் எடுத்துவைக்கக் கூடியவருக்கு அது மிகவும் சகாயம். நாளைக்கு இரண்டு மூன்று பஸ் மாறி வேலைக்குச் செல்லும் கூலியாளுக்குத்தான் அது எல்லாரிலும் அதிகமாக வேண்டியது. ஆனால் அவரே அதை வாங்க இயலாதவர்.

சர்க்கார் செய்த நல்ல காரியத்தையும் சொல்வது நமது கடமை. 2021-ஆம் வருஷம் மே மாதம் 8-ஆம் தேதி முதல் சாதாரண டவுன் பஸ்களில் ஸ்திரீகள் கட்டணமின்றிப் பிரயாணம் செய்கின்றனர். இதனால் ஒருவருக்கு மாதத்தில் சராசரி 888 ரூபாய் மிச்சமாவதாக மாநிலத் திட்டக் குழு கணக்கிட்டது. இந்தச் சலுகையின் தனிச் சிறப்பு எதுவென்றால், இதைப் பெறுவதற்கு முதலில் ரொக்கம் கட்டவேண்டியதில்லை. கையில் காசில்லாத ஸ்திரீ, காசுள்ளவரைப் போலவே ஏறி உட்காரலாம். சலுகை என்பது இப்படித்தான் இருக்கவேண்டும். ஆனால் இது எல்லாப் பிரயாணிகளுக்கும் உரியதன்று. எல்லா பஸ்களுக்கும் உரியதன்று. அந்த ஸ்திரீயோடு வேலைக்குப் போகும் புருஷன் டிக்கெட் வாங்கியாக வேண்டும். சாதாரண பஸ் வராத நேரத்தில் அவளும் வாங்கியாக வேண்டும்.

செய்யத்தக்கது என்ன

கண்டிப்பதோடு நில்லாமல் யோசனை கூறுவதே பத்திரிகையின் தர்மம். நமக்குத் தோன்றும் யோசனைகள் நான்கு.

முதலாவது, உச்ச வரம்பு. லண்டன் நகரில் 2005 முதல் ஓர் ஏற்பாடு இருந்து வருகிறது. பிரயாணி தம் அட்டையை ஒவ்வொரு முறையும் இயந்திரத்தில் காட்டி ஒற்றைக் கட்டணம் செலுத்திக்கொண்டே போகிறார். ஒரு நாளில் செலுத்திய தொகை ஒரு வரம்பை எட்டியதும், அன்று அதற்குமேல் அவரிடம் வசூலிப்பதில்லை. நியூயார்க்கும் 2022-இல் இவ்வழியைப் பின்பற்றியது. அங்கே வாரத்தில் 12 பிரயாணங்களுக்குக் கட்டணம் செலுத்தியவர் அந்த வாரம் மீதி நாட்களில் இலவசமாகச் செல்லலாமென்று விதித்தார்கள். இதன் நியாயத்தைக் கவனியுங்கள். மொத்தமாக வாங்கியவருக்கு உரிய தள்ளுபடி, சில்லறையாகக் கொடுத்தவருக்கும் தானாகவே கிடைத்துவிடுகிறது. முன்பணம் வேண்டியதில்லை, வரிசையில் நிற்க வேண்டியதில்லை, வாங்கிப் பதுக்க வேண்டியதும் இல்லை. பஸ்ஸுக்கும் மெட்ரோவுக்கும் ஒரே அட்டை என்ற ஏற்பாடு 2025-இல் சென்னைக்கும் வந்துவிட்டது. கருவி கையில் இருக்கிறது. மாதத்தில் ஒருவர் செலுத்தியது 1000 ரூபாயை எட்டியதும், மீதி நாட்களுக்கு அவரிடம் வாங்குவதில்லை என்று ஓர் உத்தரவு போட்டால், அந்த மாதச் சீட்டு ஏழைக்கும் உரியதாகிவிடும். அட்டை இல்லாதவரும் உண்டாதலால், அவர்கள் பொருட்டு ஒரு வாரச் சீட்டை, ஒரு நாள் கூலிக்கு மிகாத விலையில், பஸ் நிலையந்தோறும் விற்கச் செய்யலாம்.

இரண்டாவது, முன்னறிவிப்பு. ஓரிரவில் கட்டணத்தை உயர்த்துவது குடித்தனக்காரருக்குச் செய்யும் துரோகமாகும். வீட்டு வாடகையை உயர்த்துகிறவர்கூட ஒரு மாதம் முன்னதாகச் சொல்கிறார். சர்க்கார் ஒரு மாத அவகாசமாவது கொடுக்கவேண்டும். முன்னறிவித்தால் ஜனங்கள் பழைய விலையில் டிக்கெட்டுகளை வாங்கிக் குவித்துவிடுவார்களே என்று அதிகாரிகள் அஞ்சலாம். குவித்தால் என்ன? அந்தப் பணம் கழகத்திற்குத்தானே முன்பணமாக வருகிறது? உச்ச வரம்பு ஏற்பட்டுவிட்டால் குவிக்க வேண்டிய அவசியமே பெரும்பாலும் இராது.

மூன்றாவது, கால ஒழுங்கு. ஆறு வருஷம் உறங்கிவிட்டுத் திடீரென்று விழித்து ஒன்றுக்கு ஒன்றரையாக உயர்த்துவதைக் காட்டிலும், எண்ணெய் விலை முதலியவற்றைக் கணக்கிட்டு, தேர்தலுக்கு முன் தேர்தலுக்குப் பின் என்று பாராமல், சிறிது சிறிதாக ஏற்றவோ இறக்கவோ செய்வது உத்தமம். ஏற்றவோ என்று மாத்திரம் சொல்லவில்லை, இறக்கவோ என்றும் சொல்கிறோம் என்பதை அதிகாரிகள் கவனிக்க வேண்டுகிறோம். எண்ணெய் விலை ஏறினால் கட்டணத்தை ஏற்றுவோம் என்பவர்கள், அது இறங்கினால் இறக்குவோம் என்று சொல்லக் கேட்பது அரிதாயிருக்கிறது.

நாலாவது, கணக்கு. கழகங்கள் நஷ்டத்தில் ஓடுகின்றன என்பதை அடிக்கடி கேட்கிறோம். அந்த நஷ்டத்தில் எண்ணெய்க்கு எவ்வளவு, வட்டிக்கு எவ்வளவு, பழைய வண்டிகளைப் பழுது பார்க்க எவ்வளவு, இலவசப் பிரயாணங்களுக்காகச் சர்க்கார் கொடுத்தது எவ்வளவு, கொடுக்க வேண்டியது எவ்வளவு என்பவற்றை, ஒவ்வொரு கட்டண உயர்வுக்கும் முன்னதாக, எளிய தமிழில் ஜனங்கள் முன் வைக்கவேண்டும். கணக்கைக் காட்டிக் கேட்டால் நம் ஜனங்கள் கொடுக்க மறுப்பவர்கள் அல்லர். கணக்கைக் காட்டாமல் கேட்பதுதான் அவர்களுக்குக் கோபத்தை விளைவிக்கிறது.

முடிவாக

முன்னரே வாங்கி வைக்கும் திறமை ஒரு குணமாக இருக்கலாம். ஆனால் அது எல்லாருக்கும் வாய்க்கும் வசதி அன்று. விடியற்காலை நாலரை மணிக்குத் தலையில் பூக்கூடையோடு பஸ்ஸுக்குக் காத்திருக்கும் ஒருவர், வரும் மாதத்துக் கட்டணத்தை இன்றே எண்ணி வைக்கக்கூடியவர் அல்லர். அவர் எண்ணுவது இன்று போய்த் திரும்புவதற்கு வேண்டிய சில்லறையை மாத்திரமே. கட்டணம் உயர்ந்த அன்று அந்தச் சில்லறையில் இரண்டு ரூபாய் குறைந்தால், அவர் ஒரு நிறுத்தம் முன்னதாகவே இறங்கி நடப்பார். அந்த நடையை எந்தக் கழகத்தின் ஐந்தொகையும் காட்டுவதில்லை.

பொது வண்டி பொதுஜனங்களுடையது. அதில் அதிகமாகப் பிரயாணம் செய்கிறவருக்குக் கட்டணம் குறையவேண்டுமென்பது நியாயமானால், அந்த நியாயம் முன்பணம் கட்டியவருக்கு மாத்திரம் என்று வரையறுப்பது நியாயமாகாது. அடுத்த முறை கட்டணத்தை உயர்த்த நினைக்கும் மந்திரிகள், டிக்கெட் ஜன்னலண்டை நிற்கும் வரிசையின் நீளத்தைப் பார்த்துத் தீர்மானிக்க வேண்டாம். அந்த வரிசைக்கு வரமுடியாதவர்களை முதலில் நினைத்துப் பார்த்து, அதன்பின் கையெழுத்திடுமாறு வற்புறுத்துகிறோம்.